சி நிரலில் கணினியின் பெயரை எடுக்க எந்த வழி சரி?

நிரல் எந்தக் கணினியில் ஓடுகிறது என்ற விவரம் லாக் வரியின் தலையில் போடவோ, தற்காலிகக் கோப்புக்குப் பெயர் வைக்கவோ, கண்காணிப்புச் சர்வருக்கு அனுப்பவோ என்றாவது ஒருநாள் தேவைப்பட்டுவிடும். சி-யில் அதை எடுக்க ஆறேழு வழிகள் உண்டு. ஒருவர் கெட்ஹோஸ்ட்நேம் என்பார், இன்னொருவர் யூநேம் என்பார், மூன்றாமவர் "ஈடிசி என்ற அமைப்புக் கோப்புறையில் இருக்கும் கோப்பைத் திறந்து படி, வேலை முடிந்தது" என்பார். நம் மேசைக் கணினியில் மூன்றும் ஒரே விடையைத் தருவதால் எதை எடுத்தாலும் சரிதான் என்று தோன்றும். கன்டெய்னர் என்ற தனித்த சூழலிலோ வாடிக்கையாளரின் சர்வரிலோ நிரல் போய் உட்கார்ந்த பிறகுதான் வேறுபாடு தெரியவரும்.

அவசரத்தில் இருப்பவர்களுக்கு விடையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 256 பைட் பஃபர் ஒன்றை வைத்துக்கொண்டு கெட்ஹோஸ்ட்நேமைக் கூப்பிடுங்கள். திரும்பி வரும் மதிப்பைச் சோதியுங்கள். பஃபரின் கடைசி பைட்டில் உங்கள் கையாலேயே பூஜ்யத்தை எழுதுங்கள். பத்தில் ஒன்பது நிரல்களுக்கு இது போதும். ஏன் 256, ஏன் கையால் பூஜ்யம், அந்தப் பத்தாவது நிரல் எது என்று தெரிய வேண்டுமானால் தொடர்ந்து படிக்கலாம்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில், எந்தப் பெயர் வேண்டும்? ஒரு கணினிக்குக் குறைந்தது மூன்று இடங்களில் பெயர் இருக்கிறது: இயங்குதளத்தின் மையமான கர்னலின் நினைவகத்தில் ஒன்று, வட்டில் உள்ள அமைப்புக் கோப்பில் ஒன்று, நெட்வொர்க்கின் பெயர்ப்பட்டியலான டிஎன்எஸ்ஸில் ஒன்று. மூன்றும் ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. பெரும்பாலான குழப்பங்களின் வேர் இதுதான். எந்த ஃபங்ஷன் நல்லது என்று கேட்பதற்கு முன் எந்தப் பெயர் என்று கேட்டுக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

அடுத்தது, பெயர் பஃபரைவிட நீளமாக இருந்தால் என்ன ஆகும்? பிழை சொல்லுமா, சத்தமில்லாமல் வெட்டிவிடுமா, ஸ்ட்ரிங்கின் முடிவில் பூஜ்யம் இருக்குமா?

பிறகு, நிரலைக் காத்திருக்க வைக்குமா? கர்னலிடம் கேட்பது மைக்ரோநொடிக்குள் முடியும் வேலை. நெட்வொர்க்கிடம் கேட்பது அப்படி அல்ல.

கடைசியாக, எங்கெல்லாம் கம்பைல் ஆகும், எங்கெல்லாம் சரியாக ஓடும்? லினக்ஸ், மேக், பிஎஸ்டி, விண்டோஸ், கன்டெய்னர் என்று உங்கள் பட்டியலில் எவை இருக்கின்றன என்பதைப் பொறுத்தே இதன் எடை அமையும்.

## கெட்ஹோஸ்ட்நேம்

1983-இல் வெளிவந்த 4.2 பிஎஸ்டி காலத்து ஃபங்ஷன் இது. யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பொதுத் தரமான பாசிக்ஸின் 2001-ஆம் ஆண்டுப் பதிப்பில் இடம்பெற்றது. பஃபரின் முகவரியையும் அதன் நீளத்தையும் கொடுத்தால் கர்னல் வைத்திருக்கும் பெயரை அதில் எழுதிவிட்டு, வெற்றி என்றால் 0, தோல்வி என்றால் -1 தரும். இவ்வளவு எளிமையான ஃபங்ஷனில் சிக்கல் எங்கே வருகிறது? பெயர் பஃபரில் அடங்காதபோது.

அப்படிப்பட்ட நேரத்தில் பெயர் வெட்டப்படும், ஆனால் முடிவில் பூஜ்ய பைட் இருக்குமா என்பது வரையறுக்கப்படவில்லை என்று பாசிக்ஸ் கைகழுவிவிடுகிறது. ஒவ்வொரு லைப்ரரியும் தன் போக்கில் போகிறது. 20 எழுத்துப் பெயருள்ள ஒரு லினக்ஸ் கணினியில் 16 பைட் பஃபரைக் கொடுத்துப் பார்ப்போம். பெரும்பாலான லினக்ஸ்களில் இருக்கும் சி லைப்ரரியான ஜிலிப்சி முதல் 16 எழுத்துகளை அப்படியே எழுதும், பூஜ்யத்துக்கு இடம் வைக்காது, "பெயர் மிக நீளம்" என்ற பிழை எண்ணோடு -1 தரும். ஆல்பைன் லினக்ஸில் இருக்கும் மசில் லைப்ரரியோ 15 எழுத்துகளை எழுதி, 16-ஆவது பைட்டில் பூஜ்யம் வைத்து, ஒன்றுமே நடக்காததுபோல 0 தரும்.

திரும்பும் மதிப்பைச் சோதிக்காத நிரல், ஜிலிப்சியில் பஃபரின் எல்லையைத் தாண்டிப் படித்துக்கொண்டே போய்க் குப்பையை அச்சிடும், இல்லையென்றால் அங்கேயே விழும். அதே நிரல் ஆல்பைனில் வாலறுந்த பெயரை வைத்துக்கொண்டு அமைதியாக ஓடும். இரண்டில் எது மோசம் என்று என்னைக் கேட்டால் இரண்டாவதுதான். முதல் எழுத்துகள் பொதுவாக இருந்து, கடைசியில் வரும் எண்ணால் மட்டும் வேறுபடும் சர்வர் பெயர்களை நினைத்துப் பாருங்கள். வால் அறுந்தால் அத்தனை சர்வர்களும் ஒரே பெயரில் லாக் எழுதும்.

பஃபரைப் பெரிதாக வைத்தால் இந்தச் சிக்கலே எழாது. எவ்வளவு பெரிதாக? லினக்ஸ் கர்னல் 64 பைட்டுக்கு மேல் பெயரை ஏற்பதில்லை. பாசிக்ஸோ, எல்லை 255-க்குக் குறையக் கூடாது என்கிறது. லினக்ஸ் அந்த விதிக்குக் கட்டுப்படாமல் 64-இலேயே நிற்கிறது. பாடப்புத்தகத்தில் சொல்வதுபோல ஹோஸ்ட்_நேம்_மேக்ஸ் என்ற மாறிலியோடு ஒன்றைக் கூட்டினால் லினக்ஸில் சரியாக வரும். ஆனால் மேக் ஹெடர்களில் அந்த மாறிலியே இல்லை, கம்பைலர் அங்கே நின்றுவிடும். முறைப்படி போக வேண்டுமென்றால் சிஸ்கான்ஃப் வழியாக ஓடும் நேரத்தில் எல்லையைக் கேட்டு, அந்த அளவுக்கு நினைவகம் ஒதுக்கலாம். ஒரு பெயருக்காக இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை. 256 என்று நேரடியாக எழுதிவிடுங்கள்.

மறைவான செலவு இன்னும் இரண்டு உண்டு. ஒன்று, ஹெடரைச் சேர்த்திருந்தும் "இப்படி ஒரு ஃபங்ஷன் அறிவிக்கப்படவில்லை" என்று கம்பைலர் சொல்வது. சி11 போன்ற கறாரான தரத்தைத் தேர்ந்து கம்பைல் செய்யும்போது, ஜிலிப்சியின் யூனிஸ்டிடி ஹெடர் இந்த அறிவிப்பை மறைத்துக்கொள்ளும். முதல் ஹெடருக்கும் முன்பாக, பாசிக்ஸ் 2001 வேண்டும் என்று சொல்லும் மேக்ரோவை 200112 என்ற மதிப்போடு வரையறுக்க வேண்டும். முன்பு இது வெறும் எச்சரிக்கையாக இருந்ததால் பலரும் கண்டுகொள்ளாமல் விட்டார்கள். 2024-இல் வந்த ஜிசிசி 14 அதைப் பிழையாக்கிவிட்டதால், பல ஆண்டுகளாகக் கம்பைல் ஆன பழைய நிரல்கள் திடீரென்று நின்றன.

இன்னொன்று விண்டோஸ். அங்கேயும் இதே பெயரில் ஃபங்ஷன் இருக்கிறது, ஆனால் அது வின்சாக் லைப்ரரியின் உறுப்பு. முதலில் வின்சாக்கைத் தொடங்கிவைக்காமல் கூப்பிட்டால் 10093 என்ற பிழை எண்தான் கிடைக்கும். நிரல் வேறெதற்கும் நெட்வொர்க்கைத் தொடாதபோது, பெயருக்காக மட்டும் வின்சாக்கை இழுத்துவருவது வீண் சுமை.

## யூநேம்

லினக்ஸில் ஜிலிப்சி, மசில் இரண்டுமே கெட்ஹோஸ்ட்நேமுக்கு உள்ளே கூப்பிடுவது யூநேமைத்தான். அப்படியானால் நேரடியாக அதையே கூப்பிட்டால் என்ன? தாராளமாகக் கூப்பிடலாம். லினக்ஸுக்கு மட்டும் எழுதுகிறீர்கள் என்றால் நானும் இதைத்தான் தேர்வேன்.

இதன் பெரிய பலம், பஃபர் அளவைப் பற்றி நீங்கள் கவலைப்படவே தேவையில்லை என்பது. ஒரு ஸ்ட்ரக்டைக் கொடுக்கிறீர்கள். அதற்குள் இயங்குதளப் பெயர், நோட்நேம், ரிலீஸ், வெர்ஷன், மெஷின் என்று தனித்தனி உறுப்புகள் இருக்கும். கணினியின் பெயர் நோட்நேமில் வரும். லினக்ஸில் ஒவ்வொரு உறுப்பும் 65 பைட்; கர்னலின் 64 எழுத்து எல்லையோடு பூஜ்யத்துக்கும் சேர்த்து அளவெடுத்துத் தைத்தது, ஆகவே வெட்டுப்பட வழியே இல்லை. எல்லா உறுப்புகளும் பூஜ்யத்தோடு முடியும் என்று தரமே உறுதி தருகிறது. மேக்ரோ தகராறும் கிடையாது. சிக்னல் ஹேண்ட்லருக்குள் பாதுகாப்பாகக் கூப்பிடத் தகுந்தவை என்று பாசிக்ஸ் தரும் பட்டியலில் யூநேம் இருக்கிறது, கெட்ஹோஸ்ட்நேம் இல்லை. நிரல் விழும் நேரத்தில் அறிக்கை எழுதும் கோடு (நிரல்வரிகள்) உங்களிடம் இருந்தால், இந்த ஒரு காரணமே போதும்.

பொறிகளும் உண்டு. வெற்றி பெற்றால் எதிர்மம் அல்லாத ஏதோ ஒரு எண் திரும்பும் என்றுதான் தரம் சொல்கிறது. 0 என்று சொல்லவில்லை. பூஜ்யம் அல்லாவிட்டால் தோல்வி என்று எழுதப்பட்ட கோடு லினக்ஸில் ஓடும், மற்ற யூனிக்ஸ்களில் ஓடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பூஜ்யத்துக்குக் கீழே இருக்கிறதா என்று சோதிப்பதே சரி. உறுப்புகளின் அளவையும் தரம் சொல்வதில்லை, எனவே 65 என்ற எண்ணை உங்கள் கோடில் எங்கும் எழுதாதீர்கள்.

டொமைன்நேம் என்ற கூடுதல் உறுப்பு ஒன்று லினக்ஸ் ஸ்ட்ரக்டில் இருக்கிறது. அதைப் பார்த்ததும் "ஆகா, முழுப் பெயரும் கிடைத்துவிட்டது" என்று நோட்நேமோடு ஒட்டிவிடுகிறார்கள். அது என்ஐஎஸ் என்ற பழைய பயனர் விவர சேவையின் டொமைன். டிஎன்எஸ்ஸுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பெரும்பாலான கணினிகளில் அங்கே அடைப்புக்குறிக்குள் "எதுவுமில்லை" என்ற பொருளில் ஒரு சொல்தான் உட்கார்ந்திருக்கும்.

விண்டோஸின் சி லைப்ரரியில் யூநேம் இல்லை.

## கோப்பைப் படிப்பது

இங்கே ஒன்றல்ல, இரண்டு கோப்புகள். இரண்டும் ஒன்றென்று நினைப்பதுதான் வழக்கமான தவறு.

ஈடிசியில் இருக்கும் ஹோஸ்ட்நேம் கோப்பு, நிர்வாகி எழுதிவைத்த நிலையான பெயர். கணினி எழும்போது சேவைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்-டி இதைப் படித்துக் கர்னலிடம் கொடுக்கும். அதன் பிறகு யாராவது பெயரைத் தற்காலிகமாக மாற்றினாலோ, கோப்பு காலியாக இருந்து, நெட்வொர்க் முகவரி வழங்கும் டிஎச்சிபி ஒரு பெயரைக் கொடுத்தாலோ, கோப்பு ஒன்று சொல்லும், கர்னல் வேறொன்று சொல்லும். கோப்பில் கருத்து வரிகளும் இருக்கலாம். எல்லா லினக்ஸ்களிலும் இந்தக் கோப்பு இருந்தே தீரும் என்றும் இல்லை. ரெட் ஹாட் குடும்பத்தின் பழைய வெளியீடுகள் பெயரை வேறொரு கோப்பில் வைத்திருந்தன. "நிர்வாகி என்ன பெயர் வைக்க நினைத்தார்" என்று தெரிய வேண்டிய அமைப்புக் கருவிகளுக்கு மட்டும் இது பொருந்தும்.

ப்ராக் கோப்பமைப்பில் சிஸ், கர்னல் என்று உள்ளே போனால் கிடைக்கும் ஹோஸ்ட்நேம் வேறு. அது வட்டில் இல்லை. படிக்கும் கணத்தில் கர்னல் தரும் விடை. யூநேமுக்கும் இதற்கும் விடையில் வேறுபாடு கிடையாது. கடைசியில் ஒரு புதுவரிக் குறி ஒட்டிக்கொண்டு வரும், அதை நீக்க வேண்டும். ப்ராக் ஏற்றப்படாத சிறைப்பட்ட சூழலில் கோப்பைத் திறக்கவே முடியாது. இப்படிப் பார்த்தால் யூநேம் இருக்க இதை ஏன் தொட வேண்டும் என்று தோன்றும்.

ஒரு காரணம் இருக்கிறது. இந்தக் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, போல் என்ற சிஸ்டம் காலால் காத்திருந்தால், பெயர் மாறும்போது கர்னல் உங்களை எழுப்பும். சிஸ்டம்-டியின் ரிசால்வ்-டி இந்த வழியில்தான் பெயர் மாற்றத்தைக் கவனிக்கிறது. மாதக்கணக்கில் நிற்காமல் ஓடும் டீமன், பெயர் மாறியதை உடனே அறிந்தாக வேண்டுமென்றால், மற்ற வழிகள் எதனாலும் இதைத் தர முடியாது.

## சூழல் மாறியும் ஹோஸ்ட்நேம் கட்டளையும்

கெட்என்வி மூலம் ஹோஸ்ட்நேம் மாறியைக் கேட்பது ஒரே வரி என்பதால் பலருக்குப் பிடிக்கும். பாஷ் அந்த மாறியைத் தானாக நிரப்புகிறது, ஆனால் தானாக ஏற்றுமதி செய்வதில்லை. டெர்மினலில் எக்கோ போட்டால் பெயர் தெரியும், உங்கள் சி நிரலுக்கோ பெரும்பாலும் நல் பாயின்டர்தான் வரும். டாக்கர் கன்டெய்னருக்குள் இது வேலை செய்யும், ஏனென்றால் டாக்கரே அந்த மாறியை வைத்துவிடுகிறது. கன்டெய்னரில் சோதித்துவிட்டு வெளியே கொண்டுபோய் மாட்டிக்கொள்ள இதைவிடச் சுலபமான வழி இல்லை. தவிர, நிரலை ஓட்டுபவர் நினைத்த மதிப்பை அதில் வைக்கலாம்.

பீஓப்பன் வழியாக ஹோஸ்ட்நேம் கட்டளையை ஓட்டுவது, ஒரு சிஸ்டம் காலில் முடியும் வேலைக்கு ஒரு ஷெல்லையும் இன்னொரு ப்ராசஸையும் பெற்றெடுப்பது. மெலிந்த கன்டெய்னர்களில் அந்தக் கட்டளையே இருக்காது. வேண்டாம்.

## கெட்அட்ரின்ஃபோ: டொமைனோடு சேர்ந்த முழுப் பெயர்

கர்னல் தருவது பெரும்பாலும் புள்ளி இல்லாத குட்டிப் பெயர். டொமைனும் சேர்ந்த முழுப் பெயர் வேண்டுமென்றால் வழக்கமான வழி இரண்டு படி: கெட்ஹோஸ்ட்நேமில் குட்டிப் பெயரை எடுத்து, கெனானிகல், அதாவது அதிகாரபூர்வப் பெயர் வேண்டும் என்ற கொடியோடு கெட்அட்ரின்ஃபோவிடம் கொடுப்பது. பழைய புத்தகங்களில் கெட்ஹோஸ்ட்பைநேம் இருக்கும். 2008-ஆம் ஆண்டின் பாசிக்ஸ் அதை நீக்கிவிட்டது, புதிய நிரலில் சேர்க்காதீர்கள்.

இப்போது நாம் கேட்கும் ஆள் மாறிவிட்டார். கர்னலுக்குப் பதில், பெயருக்கு முகவரி தேடித்தரும் ரிசால்வர். அது முதலில் ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பார்க்கும், அங்கே இல்லாவிட்டால் டிஎன்எஸ்ஸுக்குப் போகும். ஹோஸ்ட்ஸ் கோப்பில் பெயர் இருந்தால், அந்த வரியில் முகவரியை அடுத்து முதலில் நிற்கும் பெயர்தான் கெனானிகல். நிர்வாகி குட்டிப் பெயரை முதலிலும் முழுப் பெயரை அடுத்தும் எழுதியிருந்தால் உங்களுக்குக் கிடைப்பது மறுபடியும் அதே குட்டிப் பெயர்தான். டெபியன் நிறுவி 127.0.1.1 என்ற முகவரியோடு ஒரு வரியைச் சேர்த்துவைப்பதால் அங்கே பெரும்பாலும் நல்ல விடை வரும். மற்ற இடங்களில் நிர்வாகியின் கைப்பழக்கத்தைப் பொறுத்தது.

கோப்பில் இல்லாமல் டிஎன்எஸ்ஸுக்குப் போனால் நேரம் போகும். ஜிலிப்சி ரிசால்வரின் இயல்பு நிலை ஒரு முயற்சிக்கு 5 நொடி, 2 சுற்று. இரண்டு நேம்சர்வர்கள் குறிக்கப்பட்டு இரண்டும் வாய் திறக்காவிட்டால், ஒரே தேடல் சுமார் 20 நொடி எடுக்கும். தேடல் டொமைன்கள் இருந்தால் அதற்கும் மேல். நெட்வொர்க் அறுந்த கணினியில் ஒரு நிரல் தொடங்கவே அரை நிமிடம் திணறுகிறது என்று யாராவது சொன்னால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த இடத்தைத்தான். பெயரை எடுக்கும் வரி மெயினின் தொடக்கத்திலேயே இருக்கும், லாக் கோப்பே அதற்குப் பிறகுதான் திறக்கும். எனவே லாக்கில் ஒரு தடயமும் இருக்காது.

நிரலை ஸ்டாட்டிக்காக இணைப்பவர்களுக்கு இன்னொரு செலவு. ஜிலிப்சியில் கெட்அட்ரின்ஃபோ, ஓடும் நேரத்தில் ஷேர்டு லைப்ரரிகளைத் தேடும். லிங்க்கர் எச்சரிக்கை தரும். ஒரே கோப்பாக எங்கும் எடுத்துப்போகலாம் என்ற நோக்கமே அடிபட்டுவிடும்.

அஞ்சல் சர்வர், கெர்பரோஸ், சான்றிதழ் சோதனை என்று முழுப் பெயர் இல்லாமல் நகராத வேலைகளுக்கு மட்டும் இதை எடுங்கள். அங்கேயும் அமைப்புக் கோப்பில் பெயரை நேரடியாகக் கொடுக்க ஒரு வழி வைத்து, கொடுக்காவிட்டால் மட்டும் தேடுவது நல்லது. ஒரே கணினிக்குப் பல நெட்வொர்க் முகவரிகளும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெயரும் இருக்க முடியும் என்பதால், "அந்த" முழுப் பெயர் எது என்பதை நிரலால் ஊகிக்கத்தான் முடியும்.

## விண்டோஸில்

கெட்கம்ப்யூட்டர்நேம் என்ற பழைய ஃபங்ஷன், விண்டோஸின் பழைய நெட்வொர்க் பெயரான நெட்பயாஸ் பெயரைத் தரும், 15 எழுத்தோடு நிறுத்திவிடும். நீளமான பெயருள்ள கணினியில் மீண்டும் அந்த வாலறுந்த கதைதான். பெயரின் கடைசியில் எக்ஸ் சேர்ந்த அதன் வடிவம், அகல எழுத்து வகையில், டிஎன்எஸ் ஹோஸ்ட்நேம் வேண்டும் என்று கேட்டால் முழுதாகத் தரும். பஃபர் போதாவிட்டால் எவ்வளவு வேண்டும் என்றும் சொல்லும். கிளஸ்டரில் ஓடும் நிரல், பிசிக்கல் என்று தொடங்கும் வகையைக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் மெய்நிகர் சர்வரின் பெயர் வரக்கூடும். வின்சாக்கை ஏற்கெனவே பயன்படுத்தும் நிரலுக்கு கெட்ஹோஸ்ட்நேமே போதும். 256 பைட் அங்கேயும் எப்போதும் போதுமானது.

## ஒரே பார்வையில்

| வழி | தருவது எந்தப் பெயர் | நீளம் மீறினால் | காத்திருப்பு | எங்கே பொருந்தும் |
|---|---|---|---|---|
| கெட்ஹோஸ்ட்நேம் | கர்னல் பெயர் | லைப்ரரிக்கு லைப்ரரி மாறும் | இல்லை | பல தளங்களில் ஓட வேண்டிய நிரல் |
| யூநேம் | கர்னல் பெயர் | லினக்ஸில் மீறாது | இல்லை | யூனிக்ஸ் மட்டும், சிக்னல் ஹேண்ட்லர் |
| ப்ராக் கோப்பு | கர்னல் பெயர் | உங்கள் பொறுப்பு | இல்லை | பெயர் மாற்றத்தைக் கவனிக்கும் டீமன் |
| ஈடிசி கோப்பு | நிர்வாகி வைத்த பெயர் | உங்கள் பொறுப்பு | இல்லை | அமைப்புக் கருவிகள் |
| சூழல் மாறி | யாரோ வைத்தது | பொருந்தாது | இல்லை | நம்ப வேண்டாம் |
| கெட்அட்ரின்ஃபோ | ரிசால்வர் சொல்வது | தானே நினைவகம் ஒதுக்கும் | பல நொடி ஆகலாம் | முழுப் பெயர் கட்டாயமான சேவை |

## கன்டெய்னரில் ஓடும் நிரலா?

2006-இல் வந்த லினக்ஸ் 2.6.19 முதல், யூடிஎஸ் நேம்ஸ்பேஸ் என்ற வசதியால் ஒரே கர்னல் ஒவ்வொரு ப்ராசஸ் கூட்டத்துக்கும் வெவ்வேறு பெயரைக் காட்ட முடியும். கெட்ஹோஸ்ட்நேம், யூநேம், ப்ராக் கோப்பு மூன்றும் கேட்பவரின் நேம்ஸ்பேஸில் உள்ள பெயரையே தரும். டாக்கரில் நீங்கள் பெயர் கொடுக்காவிட்டால் கன்டெய்னர் அடையாள எண்ணின் முதல் 12 எழுத்துகள்தான் பெயர். கன்டெய்னரை அழித்துப் புதிதாக உருவாக்கினால் பெயரும் மாறும். கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸில், பாட் எனப்படும் கன்டெய்னர் கூட்டத்தின் பெயர் வரும், ஆனால் 63 எழுத்தோடு வெட்டி. பாடின் பெயரோ 253 எழுத்துவரை போகலாம். அடியில் இருக்கும் உண்மையான கணினியின் பெயர் வேண்டுமென்றால் மேலே சொன்ன எந்த வழியிலும் கிடைக்காது. நோடின், அதாவது அந்த அடிக் கணினியின் பெயரைச் சூழல் மாறியாக உள்ளே அனுப்பச் சொல்லி பாடின் அமைப்பில் எழுத வேண்டும். சூழல் மாறியை நம்பலாம் என்று நான் சொல்வது இந்த ஒரு சந்தர்ப்பத்தில்தான், அதுவும் நீங்களே தேர்ந்த பெயருள்ள மாறியாக இருந்தால்.

பெயரை அடையாளமாக, அதாவது உரிமச் சோதனைக்கோ தரவுத்தளத்தின் முதன்மைச் சாவியாகவோ பயன்படுத்த நினைப்பவர்கள், இவற்றில் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டாம். ஒரே பெயருள்ள கணினிகள் உலகத்தில் ஏராளம். சிஸ்டம்-டி உள்ள லினக்ஸில் ஈடிசியில் மெஷின்-ஐடி என்ற கோப்பில் 32 பதினறும இலக்கங்கள் இருக்கும். அதுதான் அந்த வேலைக்கானது. மெய்நிகர் கணினியை நகலெடுத்தால் அதுவும் சேர்ந்தே நகலாகிவிடும் என்பதால், நகலெடுப்பதற்கு முன் அந்தக் கோப்பைக் காலிசெய்ய வேண்டும்.

எதைத் தேர்ந்தாலும் நீளமான பெயரோடு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அதற்காகக் கணினியின் பெயரை மாற்றத் தேவையில்லை. லினக்ஸில் அன்ஷேர் கட்டளையை ரூட் உரிமையோடு, யூடிஎஸ் என்ற விருப்பத்தைச் சேர்த்து ஓட்டினால் தனிப் பெயருள்ள ஒரு ஷெல் கிடைக்கும். அதற்குள் ஹோஸ்ட்நேம் கட்டளையால் 64 எழுத்தில் ஒரு பெயரை வைத்து, உங்கள் நிரலை ஓட்டுங்கள். வெளியே இருக்கும் பெயருக்கு ஒன்றும் ஆகாது. அதே நிரலை ஆல்பைன் கன்டெய்னர் ஒன்றிலும் கம்பைல் செய்து, அந்தக் கன்டெய்னருக்கும் அதே நீளத்தில் பெயர் வைத்து ஓட்டி, இரண்டு வெளியீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 64 எழுத்தும் வந்திருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்.